மடி நிறையத் தவளை

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'ஓநாய் வளர்த்த பெண்' என்று போட்டிருக்கிறார்கள். நான் சொல்லப்போகிற கதையில் ஓநாய் கிடையாது. அதை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு நாய் உண்டு. ஆனால் அது முதல் நிமிடத்திலேயே செத்துப்போகும்.

1731 செப்டம்பர். பிரான்சில் ஷாம்பெய்ன் மாகாணம். அந்தப் பெயரில் ஒரு மது இருக்கிறதே, அது விளைகிற பக்கம்தான். ஷாலோன் நகரத்தை அடுத்து சோன்ழி என்று ஒரு சின்னக் கிராமம். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பெண் ஊருக்குள் வருகிறாள். காலில் ஒன்றுமில்லை. உடம்பில் கந்தலும் மிருகத்தோலும். தலைமுடிக்கு மேல் ஒரு சுரைக்குடுக்கை. முகமும் கையும் கறுத்துக் கிடக்கின்றன. கையில் நுனி பருத்த ஒரு குட்டைத் தடி. பிசாசு வந்துவிட்டது என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. ஒருவர் மட்டும், கழுத்தில் ஆணிப்பட்டை கட்டிய பெரிய நாயை அவள் மேல் ஏவிவிட்டார். அவள் ஓடவில்லை. நாய் பக்கத்தில் வரட்டும் என்று நின்றாள். வந்ததும் தலையில் ஒரே போடு. நாய் அங்கேயே விழுந்தது.

அவள் ஊருக்குள் வந்த காரணம் தாகம். அவ்வளவுதான்.

மறுபடி வயல்வெளிக்கு ஓடி ஒரு மரத்தில் ஏறிக்கொண்டாள். அந்த ஊர்ப் பிரபு தெப்பினுவா என்பவர் அவளை எப்படியாவது பிடித்துக் கொண்டுவரச் சொன்னார். மரத்தடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தார்கள். இறங்கினாள், குடித்தாள், திரும்ப ஏறிவிட்டாள். பிறகு கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை அனுப்பி, கிழங்கும் மீனும் காட்டிச் சிரிக்கச் சொன்னார்கள். அதற்குத்தான் அவள் ஏமாந்தாள். நாயை ஏவினால் நாய் செத்தது. தாயையும் பிள்ளையையும் காட்டினால் இறங்கி வந்தாள். இந்த ஒரு செய்தியை மட்டும் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வந்தவர்கள் காதில் போட்டுக்கொண்டிருந்தால், மிச்சக் கதை வேறாகியிருக்கும்.

மாளிகைச் சமையலறையில் உரிக்காத முயலைக் கொடுத்தார்கள். தானே தோலை உரித்து, பச்சையாகத் தின்று முடித்தாள். அவளுடைய கட்டைவிரல்கள் மற்ற விரல்களுக்குப் பொருந்தாத அளவுக்குத் தடித்திருந்தன. கிளைக்குக் கிளை தாவிப் பிடித்துப் பிடித்து வந்த தடிப்பு. பிரபு அவளை ஓர் ஆடு மேய்ப்பவரின் பொறுப்பில் விட்டார். ஊர்க்காரர்கள் அவளை 'மேய்ப்பனின் மிருகம்' என்று அழைத்தார்கள். குளிர்காலத்து ஆற்றில் குதித்து, முங்கி, மீனோடு எழுவாளாம்.

இந்தச் சமயத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மாளிகையில் ஒரு விருந்து. அவளையும் உட்காரவைத்திருந்தார்கள். மேசையைப் பார்க்கிறாள். எல்லாம் வெந்தது, எல்லாம் மசாலா போட்டது. வாயில் வைக்கிற மாதிரி எதுவுமே இல்லை. சட்டென்று எழுந்து வெளியே ஓடினாள். பக்கத்துக் குட்டைகளில் தேடி, மடி நிறைய உயிருள்ள தவளைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். வந்து என்ன செய்தாள் தெரியுமா? தான் தின்ன உட்காரவில்லை. ஒவ்வொரு விருந்தாளி தட்டிலும் கைநிறைய எடுத்து வைத்தாள். சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள் என்று தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சந்தோஷமாக உபசரித்தாள். தவளைகள் தட்டிலிருந்து தாவித் தரையெல்லாம் குதித்தன. பட்டுடை போட்ட சீமாட்டிகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல பண்டத்தை இவர்கள் ஏன் கீழே விடுகிறார்கள் என்று, விழுந்ததைப் பொறுக்கிப் பொறுக்கித் திரும்பவும் தட்டில் போட்டாள்.

நம் வீடுகளில் இதற்குப் பெயர் விருந்தோம்பல். தனக்குப் பிடித்ததை முதலில் வந்தவர் இலையில் வைப்பது. பின்னால் அவளைக் கொண்டுபோய் வைத்த எந்தக் கன்னியர் மடமும் இதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மடத்துக்குப் போகும்முன்பே அவளிடம் இருந்தது இது.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது 1755இல் பாரிசில் வெளிவந்த ஒரு சிறு நூல். மதாம் எக்கே என்ற பெண்மணி அவளோடு பேசிப் பேசி எழுதியது. அறிவியலாளர் லா கோந்தாமீனுக்கும் அதில் கை உண்டு என்பார்கள். இந்த நூலில் வருகிற இன்னொரு நிகழ்ச்சிதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது. சோன்ழிக்கு வருவதற்குச் சில நாள் முன்புவரை அவள் தனியாக இல்லை. கூடவே இன்னொரு பெண் இருந்தாள், கறுப்பினப் பெண். இருவரும் சேர்ந்தே ஆற்றைக் கடந்தார்கள், சேர்ந்தே வேட்டையாடினார்கள். ஒருநாள் வழியில் யாரோ தவறவிட்ட ஒரு பொருள் கிடந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். இவள் கையில் தோழி ஓர் அடி போட்டாள். இவள் பதிலுக்குத் தடியால் தோழியின் தலையில் அடித்தாள். ரத்தம் கொட்டியது. கொட்டியதும் பதறிப்போய் ஓடி, தவளை பிடித்து, தோலை உரித்துக் காயத்தில் ஒட்டி, மரப்பட்டை நாரால் கட்டினாள். ஆனாலும் உறவு முறிந்துவிட்டது. தோழி ஆற்றுப்பக்கம் போனாள், இவள் சோன்ழிப் பக்கம் வந்தாள்.

கீழே கிடந்த அந்தப் பொருள் ஒரு ஜெபமாலை. மதம் இருவர் வாழ்க்கையிலும் நுழைந்தது அப்படித்தான், இன்னதென்று தெரியாத மணிச்சரமாக. ஜெயித்தவள் அதைக் கையில் வளையலாகச் சுற்றிக்கொண்டாள்.

இப்போது மடத்துக்கு வருகிறேன்.

1731 அக்டோபர் கடைசியில் ஷாலோனில் உள்ள புனித மோர் ஆதரவில்லத்தில் அவளைச் சேர்த்தார்கள். 1732 ஜூன் 16ஆம் தேதி ஞானஸ்நானம். மரி-அஞ்ஜெலிக் மெம்மி என்று பெயர் வைத்தார்கள். மரி, தேவதாயின் பெயர். அஞ்ஜெலிக், தேவதூதர்களைக் குறிப்பது. மெம்மி, ஷாலோனின் முதல் ஆயரான புனிதரின் பெயர். பின்னால் லெ ப்ளாங் என்று ஒரு குடும்பப் பெயரும் ஒட்டிக்கொண்டது. அதற்கு 'வெள்ளை' என்று அர்த்தம். கறுத்த முகத்தோடு வந்த பெண்ணுக்கு ஒரு ஊரே சேர்ந்து இத்தனை பெயர் வைத்தது. அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கும். அது போன இடம் தெரியவில்லை.

அந்தக் காலத்து பிரெஞ்சுக் கன்னியர் மடங்களில் பெண்பிள்ளைகளுக்குக் கிடைத்த படிப்பு என்ன? மணி அடித்தால் எழு, மணி அடித்தால் முழந்தாளிடு. ஞானோபதேசம் மனப்பாடம். ஊசி வேலை. கொஞ்சம் வாசிப்பு, அதைவிடக் கொஞ்சம் எழுத்து. சாப்பாட்டு நேரத்தில் மௌனம். எல்லாவற்றுக்கும் மேலாக மதிற்சுவர். கண்ணைத் தாழ்த்தி, அடியைக் குறுக்கி, குரலை அடக்கி நடக்கக் கற்றுக்கொண்டால் தேர்ச்சி. ஓடினால் தப்பு. ஏறினால் பெரிய தப்பு. முயலைத் துரத்திப் பிடிக்கிற பெண்ணை இந்தச் சுவருக்குள் வைத்தார்கள். நான் மிகைப்படுத்தவில்லை. 1737இல் பிரெஞ்சு அரசியின் தாயார் அந்தப் பக்கம் வந்தபோது அவளை வேட்டைக்குக் கூட்டிப்போக, அவள் ஓடியே முயல்களைப் பிடித்துவந்து கையில் கொடுத்தாள் என்று மதாம் எக்கே எழுதுகிறார்.

முதலில் அடிவாங்கியது அவளுடைய வயிறு. பச்சை இறைச்சியை நிறுத்தினார்கள். ரொட்டி, உப்பு, வெந்த உணவு, மது. உடம்பு ஏற்கவில்லை. பற்கள் விழுந்தன. விழுந்த பற்களைச் சிலர் அதிசயப் பொருளாக எடுத்து வைத்துக்கொண்டார்களாம். வயிற்றுவலி, காய்ச்சல். வைத்தியர்கள் அந்தக் கால வழக்கப்படி நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தார்கள். பல தடவை எடுத்தார்கள். சாகக் கிடந்தவளுக்கு ஒருமுறை உயிருள்ள ஒரு பறவையைக் கொடுக்க, அதன் சூடான ரத்தம் உள்ளே போனதும்தான் அவளுக்கு உயிர் வந்தது. அதையும் ஒளித்துச் செய்ய வேண்டியதாயிற்று. அருட்சகோதரிகள் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடு அவர்கள் எதையும் செய்ததாக எங்கும் நான் படிக்கவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் ஓர் உடம்பை உடைத்தார்கள். நல்ல எண்ணம் மணியடித்து வரும்போது அதைத் தடுக்க ஆள் கிடையாது.

அடுத்து அடிவாங்கியது அவளுடைய மொழி. வரும்போது தொண்டையிலிருந்து கீச்சென்று எழும் ஒரு பேச்சு அவளிடம் இருந்தது. பிரெஞ்சு வர வர அது தேய்ந்துபோயிற்று. ஞானோபதேசம் பிரெஞ்சில், பாவசங்கீர்த்தனம் பிரெஞ்சில், ஜெபம் லத்தீனில். பல வருடம் கழித்துப் பாரிசில் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து அவளை உட்காரவைத்து, "நீ எந்த ஊர்ப் பெண்? உன் அம்மா யார்? உங்கள் ஊரில் மரம் எப்படி, கடல் எப்படி?" என்று துருவினார்கள். துருவியது பிரெஞ்சில். அந்த ஞாபகங்கள் இருந்த மொழியைப் பறித்துக்கொண்ட பிறகு, அந்த ஞாபகங்களைக் கேட்டார்கள். மதாம் எக்கே ஒருபடி மேலே போய், கனடாவிலிருந்து வந்த பழங்குடிப் பொம்மைகளை அவள் முன்னால் வைத்து, எதை எடுக்கிறாள் என்று பார்த்தார். பார்த்துவிட்டு, இவள் எஸ்கிமோ என்று தீர்ப்பு எழுதினார்.

அவளைப் பாரிசில் வைத்த இடம் எது என்று பாருங்கள். 'புதிய கத்தோலிக்கப் பெண்கள்' என்ற மடம். இது காட்டுப் பெண்களுக்காகக் கட்டியது இல்லை. புராட்டஸ்டன்ட் வீட்டுப் பெண்பிள்ளைகளை மதம் மாற்றி வளர்க்கக் கட்டியது. புராட்டஸ்டன்ட்களுக்கு வழிபாட்டுரிமை தந்த நாந்த் சாசனத்தை 1685இல் பதினான்காம் லூயி மன்னர் ரத்துசெய்த பிறகு, பெற்றவர்களிடமிருந்து பிரித்துக்கொண்டுவந்த பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். பெண் கல்வியைப் பற்றி 1687இல் புகழ்பெற்ற நூலை எழுதிய ஃபெனலோன் பாதிரியார்தான் சுமார் பத்து வருடம் இந்த மடத்துக்குத் தலைவர். நூலில் அவர் மென்மையானவர். குழந்தையை அதட்டாதே, விளையாட்டாகச் சொல்லிக்கொடு என்பவர். அவர் தலைமையில் இருந்த மடத்தின் கதவு மட்டும் வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. ஆக, அந்த அமைப்பின் கண்ணில் காட்டுப் பெண்ணும் பக்கத்து வீட்டு வேதக்காரப் பெண்ணும் ஒன்றுதான். இருவருமே இன்னும் 'ஆகாதவர்கள்'.

இங்கே அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு நிமிடம் போய்வர வேண்டும். 1639இல் உர்சுலின் சபைக் கன்னியரான மரி தெ லென்கார்னசியோன் கனடாவின் கியூபெக்கில் இறங்கி, பூர்வகுடிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். கிட்டத்தட்ட முப்பது வருடம் நடத்தியபின் 1668இல் எழுதிய கடிதத்தில் உண்மையை ஒப்புக்கொள்கிறார். நூறு பிள்ளைகளில் ஒருவரைக்கூட நாகரிகப்படுத்த முடிந்தது அரிது என்கிறார். நாம் கொஞ்சமும் எதிர்பாராத நேரத்தில் மதில்போல் உயர்ந்த வேலியில் அணில் மாதிரி ஏறிக் குதித்துக் காட்டுக்கு ஓடிவிடுகிறார்கள் என்கிறார். அடைத்துவைத்தால் ஏக்கம் பிடித்து நோயில் விழுகிறார்கள் என்கிறார். எனக்கு இந்தக் கன்னியர் மேல் மரியாதை வந்தது இந்தக் கடிதத்தால்தான். தோற்றதைத் தோற்றதாக எழுதினார். பின்னால் வந்தவர்கள் அவ்வளவு நேர்மையாக இல்லை. அதே கனடாவில் பிற்காலத்தில் அரசும் திருச்சபைகளும் சேர்ந்து நடத்திய உறைவிடப் பள்ளிகளில் சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகளைக் கொண்டுபோய் அடைத்தார்கள். அதற்கு அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

ஏன் கனடாவுக்குப் போனேன்? 2004இல் செர்ழ் அரோல்ஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஆவணக் காப்பகங்களைத் துழாவி ஒரு நூல் எழுதினார். அவர் சொல்வது இது: மரி-அஞ்ஜெலிக் எஸ்கிமோ அல்ல. மிசிசிப்பி ஆற்றின் மேற்புறத்து 'ஃபாக்ஸ்' பழங்குடிப் பெண். சிறுமியாக பிரெஞ்சுக் கனடாவுக்கு விற்கப்பட்டு, ஒரு சீமாட்டியோடு கப்பலேறி 1720இல் மார்செய் துறைமுகத்தில் இறங்கினாள். அப்போது அங்கே கொள்ளைநோய் ஊரையே வாரிக்கொண்டிருந்தது. அந்தக் கலவரத்தில் காட்டுக்குள் தப்பியவள் பத்து வருடம் பிரான்சின் காடுகளிலேயே நடந்து வடக்கே வந்தாள். இதில் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் அப்படியே ஏற்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. அவள் பிடிபட்டு மூன்றாம் மாதமே 1731 டிசம்பரில் 'மெர்க்யூர் த பிரான்ஸ்' இதழில் வந்த கடிதம் அவளுக்கு வயது பதினெட்டு வாக்கில் என்கிறது. 24 வருடம் கழித்து மதாம் எக்கே எழுதிய நூல் ஒன்பது பத்து என்கிறது. வயதைப் பாதியாக்கியது ஏன்? என் ஊகத்தைச் சொல்கிறேன். பத்து வயதுக் குழந்தையைக் காட்டிலிருந்து மீட்டால் அது புண்ணியக் கதை. பதினெட்டு வயதுப் பெண் காட்டில் தன் பாட்டுக்குப் பிழைத்திருந்தாள் என்றால் அது வேறு கதை. அந்தக் கதையில் மீட்பவருக்கு வேலை இல்லை.

அரோல்ஸ் சொல்வது சரியென்றால், அவள் காட்டில் வளர்ந்தவளே இல்லை. ஒரு சமூகத்தில் பிறந்து, அதன் பேச்சையும் வேட்டையையும் மருந்தையும் படித்துவிட்டு வந்தவள். தவளைத்தோல் கட்டு காட்டு மிருகத்துக்குத் தெரிந்த வித்தையா? யாரோ ஒரு தாய் சொல்லிக்கொடுத்தது அது.

சரி, மடம் அவளுக்கு எதுவுமே தரவில்லையா? தந்தது. அவள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். காட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் குழந்தைகளின் நீண்ட பட்டியலில் இது மிக அரிது. அவேரோன் காட்டில் பிடிபட்ட விக்தோர் என்ற பையனுக்கு டாக்டர் இத்தார் பாரிசில் பல வருடம் பாடம் நடத்தினார். ஜெபமில்லாத, அன்றைய நவீனப் பாடம். பையனுக்குப் பேச்சு வரவேயில்லை. ஆகவே மதப் பள்ளி கெட்டது, அறிவியல் பள்ளி நல்லது என்று நான் வசதியாகப் பிரித்துவிட்டு உட்கார முடியாது.

விசுவாசமும் தந்தது. அவளை ஆதரித்துவந்தவர் ஒர்லியான் கோமகன். 1752 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். அதற்குள் ஷயோ மடத்தில் துறவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த அவள் நோயில் விழுந்து, துறவு உடையும் கைநழுவி, பாரிசில் கையில் காசில்லாமல் கிடந்தாள். இனி என்ன செய்வாய் என்று யாரோ அனுதாபப்பட்டார்கள். அவள் கொடுத்த பதில் மதாம் எக்கே நூலில் இருக்கிறது. மிருகங்களுக்கு நடுவிலிருந்து என்னைத் தேடிப்பிடித்துக் கிறிஸ்தவளாக்கிய கடவுள், பட்டினி போட்டுச் சாகடிக்கவா அதைச் செய்தார் என்பது அதன் சாரம். இது மடம் சொல்லிக் கொடுத்த வரி என்று சில ஆய்வாளர்கள் ஒதுக்கலாம். நான் ஒதுக்க மாட்டேன். இதில் கெஞ்சல் இல்லை, கணக்குக் கேட்பது இருக்கிறது. என்னை இறக்கிக் கொண்டுவந்தது நீ, சோறு போட வேண்டியது நீ. மரத்தடியில் வாளியை வைத்தவர்களிடம் கேட்க முடியாத கேள்வியைக் கடவுளிடம் கேட்டிருக்கிறாள். பிறகு அரசியிடமிருந்து உதவித்தொகை வந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உயிரினங்களுக்கெல்லாம் பெயரிட்ட லின்னேயஸ் 1758இல் 'காட்டு மனிதன்' என்று ஒரு வகை வைத்து மூன்று இலக்கணம் எழுதினார். நாலு காலில் நடப்பான், பேச மாட்டான், உடம்பெல்லாம் மயிர். அந்த நூலின் பிந்தைய ஒரு பதிப்பில் 'ஷாம்பெய்ன் பெண்' என்று இவளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார். அந்தப் பதிப்பு வந்தபோது அவள் பாரிசில் இரண்டு காலில் நடந்து, பிரெஞ்சில் பேசி, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். 1765இல் ஸ்காட்லாந்து நீதிபதி மோன்போடோ பிரபு நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு வேண்டியிருந்தது மொழி மனிதனுக்கு இயற்கையல்ல என்பதற்கு ஒரு சாட்சி. மடத்துக்கு ஓர் ஆன்மா வேண்டியிருந்தது, தத்துவக்காரருக்கு ஓர் ஆதாரம். அவள் சொன்னதை உட்கார்ந்து கேட்டவர், எனக்குத் தெரிந்து, மதாம் எக்கே ஒருவர்தான். அவரும் வயதைத் திருத்திவிட்டார்.

கடைசியாக என் சொந்தத் தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு நான் பல வருடம் பாடம் எடுத்தவன். உளவியல் முதல் வாரத்திலேயே அமலா, கமலா வந்துவிடுவார்கள். வங்காளத்தில் மிட்னாப்பூர். 1920இல் பாதிரியார் ஜே.ஏ.எல். சிங் கரையான் புற்றுக்குள்ளிருந்து ஓநாயோடு பிடித்துவந்த இரண்டு பெண்கள். அவருடைய அநாதை இல்லத்தில் சின்னவள் 1921இல் இறந்தாள், பெரியவள் கமலா 1929இல். நாலு காலில் ஓடினார்கள், இருட்டில் கண் ஒளிர்ந்தது என்றெல்லாம் நான் ருசித்துச் சொல்வேன். மாணவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். மனிதக் கண் இருட்டில் ஒளிராது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அந்தக் கதைக்கு ஆதாரம் அந்தப் பாதிரியாரின் நாட்குறிப்பு ஒன்றுதான். அதுவும் அன்றாடம் எழுதியதல்ல, குழந்தைகள் இறந்து பல வருடம் கழித்து எழுதியது என்று அரோல்ஸ் 2007இல் வாதிட்டார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே சந்தேகங்கள் அச்சாகியிருந்தன. உடற்குறையோடு பிறந்து கைவிடப்பட்ட இரண்டு ஏழைக் குழந்தைகளை நான் முப்பது வருடம் ஓநாய்க்குட்டிகள் என்று சொல்லிக்கொடுத்தேனோ என்னவோ. மரி-அஞ்ஜெலிக்குக்காவது வாய் இருந்தது. இந்த இரண்டு பேருக்கும் இல்லத்தின் பேனாதான் வாய்.

இந்த அரங்கில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். பாடநூல் குழுவில் இருப்பவர்கள் இரண்டு பேரையும் பார்க்கிறேன். அமலா, கமலா பத்தியை அடுத்த பதிப்பில் எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராவிட்டால், 'என்று ஒரு பாதிரியார் எழுதியிருக்கிறார்' என்றாவது சேர்த்துவிடுங்கள். அந்த இடம் காலியானால் சோன்ழிக்கு வந்த பெண்ணைப் போடலாம். அவள் 1775 டிசம்பர் 15ஆம் தேதி பாரிசில் இறந்தாள். போடும்போது தவளை விருந்தையும் சேர்த்துப் போடுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபிறகு, அந்த மேசையில் மரியாதை தெரிந்தவர் யார் என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேளுங்கள்.